அரசு நிலத்தில் பெருவிலங்கு வேட்டை, அமெரிக்கா முதல் நியூசிலாந்து வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான், எல்க், மூஸ் (இரண்டும் மிகப் பெரிய மான் வகைகள்), மலையாடு போன்ற பெரிய விலங்குகளை அரசு நிலத்தில் சட்டப்படி வேட்டையாடுவது பற்றிய கேள்விகள் இவை. பண்ணை வேட்டையும் தனியார் எஸ்டேட் வேட்டையும் இங்கே வராது. வேலைக்குப் போய் அந்தந்த நாட்டிலேயே இருப்பவர்களுக்கும், ஒரு பருவத்துக்கு மட்டும் போய்வர நினைப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். கட்டணமும் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

அரசு நிலம் என்றால் எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தானா?

இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். எந்த நாடாக இருந்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: நிலம் யாருடையது? விலங்கு யாருடைய பொறுப்பில் இருக்கிறது? சுடும் உரிமையைத் தருவது யார்?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நிலம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கரும், நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கரும் இருக்கின்றன. விலங்குக்குப் பொறுப்பு மாநில அரசு. அதனால் நிலத்துக்குள் நுழைய யாரிடமும் கேட்க வேண்டாம், சுடுவதற்கு மட்டும் மாநிலத்தின் உரிமமும் டேகும் (குறிப்பிட்ட ஒரு விலங்கைச் சுடுவதற்கான சீட்டு) வேண்டும். கனடாவில் நாட்டின் பெரும்பகுதி அரசு நிலம், உரிமம் தருவது மாகாணம். நியூசிலாந்தில் நிலமும் அனுமதியும் ஒரே துறையிடம் இருக்கின்றன, அதாவது இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம்.

ஸ்வீடனிலும் நார்வேயிலும் யாருடைய காட்டிலும் நடக்கலாம், கூடாரம் போடலாம், பழம் பறிக்கலாம். அந்தச் சுதந்திரத்தில் வேட்டை சேராது. வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது, அரசு நிலமானாலும் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் தந்த நடமாடும் உரிமையும் இப்படித்தான்: கையில் துப்பாக்கி இருந்தால் செல்லாது.

தேசியப் பூங்காவில் வேட்டையாடலாமா?

அமெரிக்காவில் பொதுவாகக் கூடாது. கிராண்ட் டீட்டனில் எல்க் எண்ணிக்கையைக் குறைக்க நடக்கும் வேட்டை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. நியூசிலாந்தில் கதையே தலைகீழ். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கே பூர்வீகம் இல்லை. மான், வரையாடு, ஷாமுவா என்னும் ஐரோப்பிய மலையாடு, பன்றி எல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை, அவை அங்குள்ள செடிகொடிகளைத் தின்று தீர்க்கின்றன. ஆகவே தேசியப் பூங்காவிலும் வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: ஆல்பைன் தேசியப் பூங்காவின் குறிப்பிட்ட பகுதிகளில் பிப்ரவரி நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை மிளா என்னும் கடமானைத் தேடிப் போகலாம். கோடை விடுமுறைக் கூட்டம் இருக்கும் நாட்களில் கூடாது.

வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் தனியே போகக்கூடிய நாடு எது?

செலவைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான், உரிமக் கட்டணம் இதற்கு அடுத்தபடி.

நியூசிலாந்து, விக்டோரியா, அமெரிக்காவின் பெரும்பாலான மேற்கு மாநிலங்கள்: தனியே போகலாம். அமெரிக்காவில் இரண்டு பொறிகள் உண்டு. வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் எவரும், அமெரிக்கக் குடிமகனே ஆனாலும், அறிவிக்கப்பட்ட வனாந்தரப் பகுதிக்குள் பெருவிலங்கு வேட்டைக்கு வழிகாட்டியோ உள்ளூர்வாசியோ துணையின்றிப் போக முடியாது. அதே இடத்தில் மலையேறுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் துணை தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு மூன்றுக்கும் வெளிமாநிலத்தவருக்கு வழிகாட்டியோ, அங்கேயே வசிக்கும் நெருங்கிய உறவினரோ வேண்டும். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் என்றால் அலாஸ்காவில் எந்தப் பெருவிலங்குக்கும் வழிகாட்டி கட்டாயம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டி நிறுவனம் வழியாகத்தான் வர வேண்டும், உறவினர் அங்கே இருந்தால் சில விதிவிலக்குகள் உண்டு. நிலம் பொதுவாக இருந்தாலும், வெளியாளைப் பொறுத்தவரை அந்த நிறுவனம்தான் வாசல்.

ஆப்பிரிக்காவில் தனியே போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தான்சானியாவில் அரசு வேட்டைக் காப்பகங்கள் தொகுதி தொகுதியாக நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றன, தொழில்முறை வேட்டைக்காரர் உடன் வருவார். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் தனியார் பண்ணை. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014-இல் நிறுத்தி 2019-இல் மீண்டும் திறந்தது.

அமெரிக்காவில் ‘பாயின்ட்’ ‘பாயின்ட்’ என்கிறார்களே, அது என்ன?

நல்ல பகுதிகளில் டேக் குறைவு, கேட்பவர் அதிகம். அதனால் குலுக்கல். தோற்றவருக்கு ஆறுதலாகத் தருவதுதான் பாயின்ட். ஆனால் அதை எண்ணும் விதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

கொலராடோவில் அது முன்னுரிமைப் பாயின்ட். அதிகம் வைத்திருப்பவர் வரிசையில் முன்னால் நிற்பார், அவ்வளவுதான். ஒரு பகுதிக்கு 50 டேக் என்று வைத்துக்கொள்வோம். 10 பாயின்ட் வைத்திருப்பவர் 60 பேர் கேட்டால் 9 பாயின்ட்காரருக்குப் பெரும்பாலும் வாய்ப்பு கிடையாது. மிஞ்சிய 10 பேரும் அடுத்த வருஷம் 11 பாயின்டோடு வந்து நிற்பார்கள். புதிதாகச் சேருபவர்களும் பின்னால் அடைத்துக்கொள்ள, தேவைப்படும் பாயின்ட் ஒவ்வொரு வருஷமும் மேலே நகரும். துரத்துபவர் ஓட ஓட எல்லைக்கோடும் ஓடும். இருபது பாயின்ட் கேட்கும் பகுதிக்கு இன்று முதல் பாயின்ட் சேர்க்கத் தொடங்குவது வீண் செலவு என்பதே எங்கள் கணிப்பு.

நெவாடாவில் போனஸ் பாயின்ட். அங்கே பாயின்டின் வர்க்கம்தான் கணக்கு: 5 பாயின்ட் இருந்தால் 25 சீட்டு, இந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு ஒன்று, ஆக 26 சீட்டு. புதியவர் பெயரில் ஒரே சீட்டு, ஆனால் அதுவும் விழலாம். ஐடஹோ, நியூ மெக்சிகோ, அலாஸ்கா மூன்றிலும் பாயின்டே இல்லை, எல்லோருக்கும் சம வாய்ப்பு. புதிதாகத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

கொலராடோ குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பிக்கவே முதலில் ஒரு தகுதி உரிமம் வாங்க வேண்டும், குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. வெளிமாநிலத்தவருக்கு ஆண் எல்க் டேக் சுமார் 800 டாலர். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைக் கல்விச் சான்றிதழ் காட்ட வேண்டும். இணையப் பாடத்தை மார்ச் கடைசியில் திறந்து உட்கார்ந்து தேதியைத் தவறவிடுபவர்கள் நிறைய.

எச்-1பி அல்லது மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

பொது விதி: குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. இது மத்தியக் குற்றவியல் சட்டம். அந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை பொருந்தாது.

எனவே வரிசை முக்கியம். முதலில் வேட்டைக் கல்வி வகுப்பு, பிறகு உரிமம், கடைசியாகக் கடை. கடையில் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எண்ணும் உரிமமும் கேட்பார்கள். பலர் மறப்பது அடுத்த கட்டத்தை. உரிமம் மார்ச்சில் முடிகிறது, துப்பாக்கி அலமாரியில் தூங்குகிறது, அடுத்த வேட்டை அக்டோபரில்தானே என்று இருந்துவிடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் அது வீட்டில் இருப்பதே குற்றம். முடியும் தேதிக்கு முன்பே மலிவான சிறுவிலங்கு உரிமம் ஒன்றையாவது புதுப்பித்து வையுங்கள். மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். விசா நிலையே ஆட்டம் காணக்கூடிய விஷயம் என்பதால் ஒரு முறை வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது.

வரைபடத்தில் அரசு நிலம் தெரிகிறது, ஆனால் போக வழியில்லை. என்ன செய்வது?

அமெரிக்க மேற்கில் பல இடங்களில் நிலம் சதுரங்கப் பலகை மாதிரி: ஒரு கட்டம் அரசு, ஒரு கட்டம் தனியார். இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். தனியார் மண்ணில் கால் வைக்காமல் அந்த மூலையைத் தாண்டலாமா என்பது நெடுநாள் வழக்கு. வயோமிங்கில் நான்கு வேட்டைக்காரர்கள் மூலையில் ஏணி வைத்துத் தாண்டிய வழக்கில், 2025-இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடிப்படையாக நின்றது 1885-ஆம் ஆண்டின் வேலிச் சட்டம். அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சாஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களுக்குத்தான். மொன்டானாவில் அதை நம்பிக் காலைத் தூக்காதீர்கள்.

கைபேசி வரைபடச் செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் இருக்காது. செயலியின் எல்லைக்கோடு சில மீட்டர் தள்ளி இருக்கலாம் என்பதால் எல்லையை ஒட்டிச் சுடுவதைத் தவிர்ப்பதே மேல். அடிபட்ட விலங்கு தனியார் நிலத்துக்குள் ஓடி விழுந்தால் உரிமையாளரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது என்பதுதான் பல மாநிலங்களின் விதி. அப்படி ஆனால் வேட்டைத் துறை அதிகாரியை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

நியூசிலாந்தில் உச்சவரம்பே இல்லையாமே?

மானுக்குப் பெரும்பாலான இடங்களில் எண்ணிக்கை வரம்பும் இல்லை, பருவமும் இல்லை, டேகும் இல்லை. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அனுமதிச் சீட்டை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது துப்பாக்கி உரிமம். சுற்றுலா வருபவர் பார்வையாளர் துப்பாக்கி உரிமத்துக்குப் பயணத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு பெரும்பாலான அரைத்தானியங்கி ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டுவிட்டன, ஒவ்வொரு குண்டையும் கையால் ஏற்றும் போல்ட் ரைஃபிள் கொண்டுபோவதே நல்லது. சூரியன் மறைந்து அரை மணி கழித்து மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்புவரை அரசு நிலத்தில் வேட்டை கூடாது.

செம்மான் கத்தும் பருவம் மார்ச் கடைசியும் ஏப்ரலும். காடு முழுக்க வேட்டைக்காரர்கள் மான் போலவே கத்திக்கொண்டு திரிவார்கள். மானென்று நினைத்து மனிதரைச் சுடும் விபத்துகளும் அப்போதுதான் நடக்கின்றன, பெரும்பாலும் சொந்தக் குழுவில் ஒருவரையே. கொம்பு தெரிந்தது, அசைவு தெரிந்தது, சத்தம் கேட்டது என்பதெல்லாம் அடையாளம் ஆகாது. தலை, கழுத்து, தோள் மூன்றும் சேர்ந்து பைனாகுலரில் தெரிந்தால்தான் ரைஃபிளைத் தூக்க வேண்டும். ரைஃபிள் தொலைநோக்கியை பைனாகுலராகப் பயன்படுத்துபவரோடு காட்டுக்குப் போகாதீர்கள்.

தென்தீவின் மலைகளில் தார் என்னும் இமயமலை வரையாடு இருக்கிறது. 1904-இல் கொண்டுவந்து விட்டது. நம் நீலகிரி வரையாடும் இதுவும் ஒரே பேரினம் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள், 2005-இல்தான் மரபணு ஆய்வு இரண்டையும் பிரித்தது. பாறை விளிம்பில் நிற்கும் பழக்கத்தில் மட்டும் அச்சு அசல் ஒன்றே. ஆகவே சுடுவதற்கு முன் ‘படுமா’ என்று பார்ப்பதோடு ‘எங்கே விழும்’ என்றும் பாருங்கள். முந்நூறு மீட்டர் பள்ளத்தில் விழுந்த வரையாட்டில் கொம்பும் மிஞ்சாது, கறியும் மிஞ்சாது, எடுக்க இறங்குபவர் பத்திரமாகத் திரும்புவதும் நிச்சயமில்லை.

இன்னொன்று, 1080 என்ற விஷம். போசம் (மரத்தில் வாழும் பைவிலங்கு), எலி, ஸ்டோட் (கீரி போன்ற சிறு ஊனுண்ணி) ஆகியவற்றைக் கொல்ல அரசே தூவுவது. எந்தப் பகுதியில் எப்போது தூவினார்கள் என்ற வரைபடத்தைத் துறை வெளியிடுகிறது. எச்சரிக்கைக் காலம் முடியாத இடத்தில் கறி எடுக்கக் கூடாது. நாய் கூட வந்தால் இன்னும் கவனம் வேண்டும், விஷம் தின்று செத்ததைக் கடித்தாலே நாய் பிழைக்காது.

விக்டோரியாவில் மிளா வேட்டை எப்படி?

இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் 1860-களில் போன மிளா, இன்று விக்டோரியாவின் கிழக்கு மலைகள் முழுக்கப் பரவியிருக்கிறது. துப்பாக்கி உரிமம், மாநில வேட்டை உரிமம் இரண்டும் வேண்டும். அதன் பிறகு மாநிலக் காடுகளில் ஆண்டு முழுவதும், எண்ணிக்கை வரம்பு இல்லாமல் தேடிப் போகலாம். இரவில் விளக்கடித்துச் சுடுவது குற்றம். குறைந்தபட்சம் 0.270 அங்குலக் குழல், 130 கிரெய்ன் (சுமார் 8.4 கிராம்) தோட்டா என்று விதி இருக்கிறது. தொடர்மழையில் நனைந்த சேற்றில் புரண்ட மிளாவின் தோல் எவ்வளவு தடிமன் என்று பார்த்தவர்களுக்கு அந்த விதி மிகை என்று தோன்றாது.

சட்டம் எளிது, விலங்குதான் கஷ்டம். பகலில் மலைச்சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில் படுத்திருக்கும். முதுகுப் பக்கமிருந்து காற்று வரும், கண் கீழே பார்த்திருக்கும். அதிகாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் திரும்பி மேலே போகும். ஆகவே விடியலில் கீழேயிருந்து ஏறுங்கள், வெயில் சரிவில் விழும் முன் பக்கவாட்டில் திரும்பி அதே உயரத்தில் நடங்கள். நூறு மீட்டரைக் கடக்க அரை மணி ஆனால் சரியான வேகம். ‘டாங்க்’ என்று மிளாவின் முழக்கம் ஒன்று கேட்டால் அன்றைய கதை முடிந்தது. களக்காட்டில் புலியைக் கண்டு எழுப்பும் அதே ஒலிதான், இங்கே புலி நீங்கள்.

நார்வே, ஸ்வீடனில் தேர்வு வைக்கிறார்களாமே?

நார்வேயில் பெருவிலங்குக்கு ஆண்டுதோறும் சுடும் தேர்வு உண்டு: 100 மீட்டரில் மான் உருவப் பலகை, 5 குண்டு, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். கேட்க எளிது. வருஷம் முழுக்க ரைஃபிளைத் தொடாமல் ஆகஸ்டில் வருபவர்கள் தோற்றுப்போவது வழக்கம். தோட்டாவுக்கும் கணக்கு உண்டு: 10 கிராமும் அதற்கு மேலும் எடை இருந்தால் 100 மீட்டரில் மோதும் ஆற்றல் குறைந்தது 2200 ஜூல், 9 முதல் 10 கிராம் என்றால் 2700 ஜூல். அரசு நிலச் சீட்டு விற்பனையில் உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை, மிச்சம்தான் வெளியாருக்கு.

ஸ்வீடனில் நமக்குப் பிடித்த விதி ஒன்று: குளம்புள்ள விலங்கைச் சுடுபவர், அடிபட்டு ஓடியதைத் தேடப் பழக்கிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வரும்படி ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். மற்ற நாடுகளும் இதைக் காப்பியடிக்கலாம்.

எல்க் விழுந்துவிட்டது. இனி?

வேலையே இனிமேல்தான். வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தொடும். எலும்பு நீக்கிய கறியே 80 முதல் 110 கிலோ வரும். ஒரு நடைக்கு 28 கிலோ என்றால் நான்கு நடை. வண்டி 5 கிலோமீட்டரில் நிற்கிறது என்றால் சுமையோடு 20, வெறுங்கையோடு 15, ஆக 35 கிலோமீட்டர். தனியாளுக்கு இரண்டு நாள். வண்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். கொலராடோவில் எல்க் பெரும்பாலும் 2700 மீட்டருக்கு மேலே, மூச்சு வேறு முட்டும்.

குடலைத் திறக்காமல் வெட்டும் முறையே எளிது. விலங்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி வயிற்றுப் பக்கம் உரியுங்கள். கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்த்திருக்கட்டும், மயிரை அறுத்தால் கறியெல்லாம் மயிர். முன்சப்பைக்கு எலும்பு மூட்டே கிடையாது, காலைத் தூக்கிப் பிடித்து விலாவை ஒட்டி அறுத்தால் கழன்றுவிடும். பின்தொடையை இடுப்பெலும்பை ஒட்டி அறுத்துப்போனால் பந்துக்கிண்ண மூட்டு வரும், அதைப் பிணைக்கும் தசைநாரை அறுத்தால் வந்துவிடும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு, குடலைக் கீழே அமுக்கி உள்முதுகுக்கறியை எடுங்கள். புரட்டிப் போட்டு மறுபக்கம். பாலின அடையாளம் ஒரு துண்டோடு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கும், அறுக்கும் முன் நினைவில் வையுங்கள். அலாஸ்காவில் கறி முழுவதும் வெளியே வந்த பிறகோ கடைசிச் சுமையோடோதான் கொம்பு வர வேண்டும். கொம்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்காகப் போட்ட விதி.

கறி ஏன் கெடுகிறது?

சூடு வெளியேறாததால். தொடை எலும்பைச் சுற்றியுள்ள சதைதான் முதலில் அழுகும், மேலே தொட்டால் குளிர்ந்தே இருக்கும். வெளியே 10 டிகிரிக்கு மேல் இருந்தால் எலும்புவரை கீறித் திறந்துவிடுங்கள். துணிப் பையில் போட்டு நிழலில், ஓடைக்கு மேலே தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், அதில் கறி வெந்துவிடும்.

கறியையும் கொம்பையும் ஊருக்குக் கொண்டுவரலாமா?

அமெரிக்க மாநிலங்களுக்கிடையிலேயே கட்டுப்பாடு உண்டு. மான்களின் மூளையைத் தாக்கும் நாள்பட்ட நலிவு நோய் காரணமாக மூளை, முதுகுத்தண்டு இரண்டையும் எல்லை தாண்ட விடமாட்டார்கள். எலும்பு நீக்கிய கறியும் சுத்தம் செய்த மண்டையோடும் பொதுவாகப் போகும். 2016-இல் இந்த நோய் நார்வே ரெயின்டீரில் தெரிந்ததும் நூர்ஃபியெல்லாவில் ஒரு மந்தையையே, இரண்டாயிரத்துக்கு மேல், அரசு அழித்தது. அவ்வளவு பயம்.

இந்தியாவுக்கு என்றால் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மட்டும் அல்ல, வனவிலங்கின் கொம்பையும் தோலையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகிறது. சென்னை விமான நிலையத்தில் ‘இது விக்டோரியா மிளா, களக்காட்டு மிளா இல்லை’ என்று வாதாடும் நிலைக்குப் போகாதீர்கள்.

போய் இறங்கியதும் முதல் வேலை என்ன?

குறி பார்ப்பது. விமானத்தில் பெட்டி ஒருமுறை விழுந்தாலே ரைஃபிளின் தொலைநோக்கி விலகிவிடும். அதைப் பிடித்திருக்கும் தாங்கியின் திருகுகளை முறுக்கிப் பார்த்துவிட்டு 100 மீட்டரில் மூன்று குண்டு சுடுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்து நடுவிலிருந்து தள்ளியிருந்தால் தொலைநோக்கியில் குறியை நகர்த்தும் திருகியைத் திருத்தினால் போதும். மூன்றும் சிதறியிருந்தால் திருத்தாதீர்கள், தாங்கி தளர்ந்திருக்கிறது. கழற்றி இறுக்கிவிட்டு மறுபடி மூன்று. இதற்கென்று இருபது தோட்டாவைத் தனியே எடுத்து வையுங்கள், உங்கள் ரைஃபிளுக்குப் பழகிய தோட்டா மலையடிவாரக் கடையில் இருக்காது.